பிரார்த்தனை இல்லாத கோயில்



சென்ற திங்கள் நமக்கு வந்த மடல்களுள் ஒன்று பல நாள்கள் நம் மேசையை விட்டு அகலவில்லை. எழுதியவர் ஊரைவிட்டு வந்து இருபத்தெட்டு ஆண்டுகளாக வடநகரொன்றில் வாழும் குடும்பத்தலைவர். இறைநம்பிக்கை அவருக்கு இளமையிலேயே நீங்கிவிட்டது. ஆயினும் விழா நாள்களில் மனைவி மக்களோடு கூடத்திற்கு வந்து அமர்வார். யாவரும் கைகூப்பும்போது தாமும் கூப்புவார். பன்னிரண்டு வயது நிரம்பிய அவர் மகள் ஒருநாள் வீடு திரும்பும் வழியில், “அப்பா, நீங்கள் நம்பாத ஒன்றை எல்லோரோடும் சேர்ந்து ஏன் சொல்கிறீர்கள்?” என்று வினவினாளாம். அவர் விடை கூறவில்லை. “நெஞ்சு ஒன்றும் வாய் ஒன்றுமாக இருக்க அவளுக்குக் கற்பிப்பதும் பிழை, இனிக் கூடத்திற்குச் செல்லவேண்டா என்பதும் பிழை. உலகில் வேறு எவரேனும் இச்சிக்கலைப் பூசலின்றித் தீர்த்துள்ளனரா?” என்று நம்மைக் கேட்கின்றார்.

பூசலின்றித் தீர்த்தவர் எவரையும் நாம் அறியோம். ஆனால், இவ்வினாவை வீட்டு வாயிலில் விட்டுவிடாமல் கையில் எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றியே ஒரு சமூக வாழ்வைக் கட்டிக்கொண்ட மக்கள் சிலர் உண்டு. அவர்கள் அமெரிக்க நாட்டு யூதருள் ஒரு சிறு பிரிவினர். தம்மை மனிதநேய யூதர் என்று அழைத்துக்கொள்பவர். அயலார் கூடிவாழும் முறைகளைக் கூறி வரும் இப்பகுதியில் இம்மாதம் அவர்களைப் பற்றிக் கூறுவோம்.

யூதரின் தொழுகை மனையைக் காணும் வாய்ப்பு நம் நேயர் பலருக்கு இருந்திருக்கும். கொச்சியில் 1568இல் எழுந்த பரதேசி யூதர் கோயிலைச் சுற்றுலா சென்றோர் அறிவர். மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழ்வோர், இரண்டு நகரிலும் 1884இல் கட்டப்பெற்ற பெரிய யூத ஆலயங்களின் வழியே நாள்தோறும் சென்றிருக்கலாம். தில்லியிலும் 1956இல் எழுந்த சிறிய ஆலயம் ஒன்று உண்டு. உள்ளே உருவச் சிலைகள் இரா. எருசலேம் நகரை நோக்கிய சுவரில் ஒரு பேழை இருக்கும். அதனுள் தோரா என்னும் திருநூல், தோலில் கையால் எழுதப்பெற்ற சுருளாகச் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். பேழைக்கு மேலே ஓர் அணையா விளக்கு. கூடுவோர் எபிரேய மொழியில் இறைவனை வாழ்த்துவர்; திருநூலை ஓதுவர்.

இவர்களைப் பற்றி முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. யூதர் என்பது சமயத்தின் பெயர். ஒரு மக்களினத்தின் பெயருமாம். யூதத் தாய்க்குப் பிறந்தவன் இறைவனை மறுத்தாலும் யூதனே என்பது பழைய சட்டத்தின் துணிபு. ஆகவே நம்பிக்கை போய்விட்ட யூதன் ஒருவன், தான் யார் என்னும் வினாவிலிருந்து விடுபடுவதில்லை. உண்பது, பாடுவது, பிள்ளைக்குப் பெயரிடுவது, இறந்தாரைப் புதைப்பது ஆகிய எல்லாவற்றிலும் முன்னோர் கை அவன் தோள்மேல் இருக்கின்றது. அக்கையைத் தட்டிவிடவும் அவனுக்கு மனம் வருவதில்லை. அக்கை காட்டும் திசையில் தொழவும் நெஞ்சு ஒப்புவதில்லை.

இந்நிலையில் இருந்த எட்டுக் குடும்பத்தினர், 1963ஆம் ஆண்டு, மோட்டார் வண்டித் தொழிலுக்குப் பேர்போன டெட்ராய்ட் நகரின் புறநகர்ப் பகுதியில் ஒன்றுகூடினர். அவர்கள் தலைவராக அழைத்துக்கொண்டவர் ஷெர்வின் வைன் என்னும் முப்பத்தைந்து வயதினர். போலந்து நாட்டுப் பகுதியிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு அந்நகரிலேயே 1928இல் பிறந்தவர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பயின்றவர். பின்னர்ச் சின்சினாட்டி நகரின் சீர்திருத்த யூதக் கல்லூரியில் பயின்று 1956இல் ரபி, அதாவது சமய ஆசான், ஆனவர். கொரியாவில் அமெரிக்கப் படையினருக்குச் சமய குருவாகவும் பணியாற்றியவர். முறையாகத் திருநிலை பெற்ற ஒருவரே இவ்வேலையைத் தொடங்கினார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆலயத்திற்கு வெளியே நின்று கல்லெறிந்தவர் அல்லர் அவர்.

தொடக்கத்தில் அவர்களிடம் பெரும் கொள்கை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. பிள்ளைகளுக்கு ஓர் இடம் வேண்டும், விழா நாள்களில் கூடவேண்டும், இவ்வளவே. ஆனால் கூடிய பின்னர் என்ன சொல்வது என்னும் வினா எழுந்தது. பழைய வேண்டுதல் நூலைக் கையில் எடுத்து ஒவ்வொரு வரியாக, “இதனை நாம் நம்புகின்றோமா?” என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டனர். கேட்கக் கேட்க வரிகள் உதிர்ந்தன. 1964இல் இறைவன் என்னும் சொல்லே அவர்களுடைய வழிபாட்டிலிருந்து நீங்கிவிட்டது.

செய்தி வெளியே பரவியதும் எழுந்த கூக்குரல் சிறிதன்று. 1965 சனவரியில் ‘டைம்’ வார இதழ் அவரை நாத்திக ரபி என்று உலகிற்கு அறிமுகம் செய்தது. அந்நகரின் பிற ஆசான்கள் கண்டித்தனர். உற்றார் உறவினர் வெட்கினர். கண்டித்தவர்களின் சினத்தை எளிதாகத் தள்ளிவிடுதல் நேர்மையன்று. ஐரோப்பாவில் அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்டு அப்பொழுது இருபது ஆண்டுகளே ஆகியிருந்தன. பகைவர் அழிக்க முயன்றதில் எஞ்சியதை நீங்கள் உங்கள் கையாலேயே அழிப்பதோ என்று அவர்கள் கேட்டனர். எட்டுக் குடும்பத்தினரும் அதே துயரத்தை நெஞ்சில் சுமந்தவர்கள்தாம். ஆனால் அவர்களுள் சிலர்க்கு அதே நிகழ்ச்சி மறுபுறமாகத் தோன்றியது: அத்தனை பேர் வேண்டியும் விடை வராத இடத்தை நோக்கி நாமும் எவ்வாறு வேண்டுவது? ஒரே புண்ணிலிருந்து இருவேறு குரல்கள் எழுந்தன. இவற்றுள் எது பொய் என்று கூற நாம் துணியோம்.

“நம்பிக்கை இல்லையெனின் வீட்டில் இருந்துவிடலாமே, கோயில் எதற்கு?” என்று நேயர் வினவலாம். இதற்கு விடை காண, சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். நம்மைப்போல் ஊர்விட்டு ஊர் வந்தோர்க்கு இப்பகுதியே முதன்மையானது என்று கருதுகின்றோம்.

1881 முதல் 1924 வரை, உருசியப் பேரரசிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட யூதர் அமெரிக்கக் கரையில் இறங்கினர். பெரும்பாலோர் தையல் கூடங்களில் உழைத்த ஏழையர். யித்திஷ் மொழி பேசியவர். அவர்களுள் சமயத்தைக் கைவிட்ட தொழிலாளரும் பலர். அன்னோர் தமக்கெனச் சங்கம் கண்டனர். 1900இல் உருவான தொழிலாளர் வட்டம் என்னும் அமைப்பு, நோயுற்றார்க்கு உதவித்தொகையும் இறந்தார்க்கு இடுகாட்டு நிலமும் அளித்தது. மாலைப் பள்ளிகள் நடத்திப் பிள்ளைகளுக்கு யித்திஷ் மொழியையும் அதன் இலக்கியத்தையும் கற்பித்தது. கோயில் இல்லை, வேண்டுதல் இல்லை. மொழி ஒன்றே போதும் என்று அவர்கள் நம்பினர். நாடகக் கொட்டகைகள் நிரம்பி வழிந்தன. நாளேடுகள் பல்லாயிரமாக விற்றன. அம்மொழி என்றும் வாழும் என்பதில் அவர்களுக்கு ஐயமே இருக்கவில்லை.

இரண்டு தலைமுறையில் நிலை மாறிற்று. ஐரோப்பாவில் அம்மொழி பேசியோர் பெருந்தொகையினராகக் கொல்லப்பட்டனர். அமெரிக்காவில் பிள்ளைகள் ஆங்கிலத்தில் கனவு காணத் தொடங்கினர். பேரப்பிள்ளைகள் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தனர். பாட்டி யித்திஷில் கேட்டாள். பேரன் ஆங்கிலத்தில் விடை கூறினான். பின்னர் ஒருநாள் பாட்டியும் இல்லை. மொழியை மட்டுமே தூணாகக் கொண்ட பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இவ்வரிகளை எழுதுகையில் நம் கை சற்றே நின்றது என்பதை நேயரிடம் மறைக்க விரும்பவில்லை.

இசுரேல் நாட்டில் வேறு வகை. அங்கே கிபுட்ஸ் என்னும் கூட்டுப் பண்ணைகளில் வாழ்ந்தோர் பெரும்பாலும் சமயப் பற்று அற்றவர். எனினும் விழாக்களைக் கைவிடவில்லை. அறுவடை விழாவை வயலிலேயே கொண்டாடினர். முதல் விளைச்சலை ஊர்வலமாக எடுத்து வந்தனர். பஸ்கா இரவில் படிக்கும் நூலைப் பண்ணைதோறும் தாமே புதிதாக எழுதி அச்சிட்டுக்கொண்டனர். அவர்களுக்குக் கோயில் தேவைப்படவில்லை. தெருவே எபிரேயம் பேசிற்று. நாட்காட்டியே விழாவைக் கொண்டுவந்து தந்தது. டெட்ராய்ட் நகரத்துத் தெருவோ எதையும் கொண்டுவந்து தராது. அங்கே விழா வேண்டுமாயின், ஒரு கூடம் வேண்டும், ஒரு நாள் குறிக்கவேண்டும், சந்தா தண்டவேண்டும், நாற்காலி இடவேண்டும். ஆகவே கோயில் என்னும் பழைய கூட்டினைக் கைவிடாமல், உள்ளே இருப்பதை மாற்றுவது என்று வைனும் அவர் நண்பரும் துணிந்தனர். பர்மிங்காம் என்னும் புறநகரின் பெயரால் தங்கள் சபைக்குப் பர்மிங்காம் கோயில் என்றே பெயரிட்டனர். பின்னர்ப் பார்மிங்டன் ஹில்ஸ் என்னும் பகுதியில் 1971இல் சொந்தக் கட்டடம் எழுந்த போதும் பழைய பெயரே நீடித்தது.

அக்கட்டடத்தில் அவர்கள் செய்த ஒரு மாற்றம் நம்மை நெடுநேரம் எண்ண வைத்தது. பிற ஆலயங்களில் பேழை இருக்கவேண்டிய இடத்தில், எபிரேய எழுத்துகளால் அமைந்த பெரிய சிற்பம் ஒன்றை நிறுவினர். அவ்வெழுத்துகள் சேர்ந்து ‘ஆதாம்’ என்னும் சொல்லாகும். மனிதன் என்பது அதன் பொருள். தோராச் சுருளை என்ன செய்வது? எறிந்துவிடவில்லை, ஒளித்துவைக்கவும் இல்லை. நூலகத்தில் கொண்டுபோய் வைத்தனர். நம் முன்னோர் எழுதிய நூல்களுள் இது தலையாயது, ஆகவே நூல்கள் இருக்கும் இடத்தில் இருக்கட்டும் என்பது அவர்கள் கருத்து. பக்தியுடையோர்க்கு இச்செயல் நெஞ்சைப் புண்படுத்தும் என்பதில் ஐயமில்லை. ஆனால் சொல்லாலன்றி இடத்தாலேயே ஒரு கருத்தை இவ்வளவு தெளிவாகக் கூறியதை வேறெங்கும் நாம் கண்டிலம்.

வெள்ளி மாலையே அவர்கள் கூடும் வேளை. யூதர்க்கு வெள்ளி ஞாயிறு மறைவு முதல் சனி மாலை வரை ஓய்வு நாள். மெழுகுத்திரி ஏற்றுகின்றனர், திராட்சை மதுவும் பின்னிய ரொட்டியும் பகிர்ந்துகொள்கின்றனர், எபிரேயப் பாடல் பாடுகின்றனர். பழைய மரபில், திரி ஏற்றும்போது, இவ்விளக்கை ஏற்றுமாறு எமக்குக் கட்டளையிட்ட இறைவனை வாழ்த்துவர். இவர்கள் ஒளியையே வாழ்த்துகின்றனர். உலகில் உள்ள ஒளியையும் மனிதரிடத்துள்ள ஒளியையும் போற்றுவதாகச் சொற்களை அமைத்துக்கொண்டனர். விளக்கு அதே விளக்கு. ஏற்றும் கையும் அதே கை. பின்னர் ஒரு சொற்பொழிவு நிகழும்; அரசியல், வரலாறு, அறிவியல், இல்லற வாழ்வு, எதுவும் பொருளாகலாம். கேட்டோர் எதிர்க்கேள்வி கேட்பர். அதன் பின்னர்த் தேநீரும் தின்பண்டமும். உண்மையில் கூட்டுறவு உறுதிப்படுவது சொற்பொழிவிலா தின்பண்டத்திலா என்று கேட்டால், நம் அனுபவத்தைக் கொண்டு விடை கூற நமக்குத் தயக்கமில்லை.

விழாக்களுள் பஸ்காவைச் சிறிது விரித்துக் கூறவேண்டும். எகிப்தில் அடிமைப்பட்டிருந்த முன்னோரை இறைவன் மீட்டான் என்னும் கதையை அவ்விரவில் உணவு மேசையைச் சுற்றி அமர்ந்து படிப்பர். வீட்டில் இளையவர் நான்கு வினாக்களைக் கேட்கவேண்டும் என்பது அதன் மரபு. பிள்ளை கேளாத பஸ்கா பஸ்காவே அன்று. எகிப்திலிருந்து அத்துணைப் பெருங்கூட்டம் வெளியேறியமைக்குத் தொல்லியல் சான்று கிட்டவில்லை என்பதை மனிதநேய யூதர் பிள்ளைகளிடம் ஒளிப்பதில்லை. “இது நம் முன்னோர் சொல்லிவந்த கதை” என்றே தொடங்குகின்றனர். பின்னர், சான்றுள்ள வேறு பயணங்களையும் சேர்த்துக்கொள்கின்றனர்: உருசியக் கொடுமைக்கு அஞ்சி மூட்டை முடிச்சோடு கப்பலேறிய கொள்ளுப்பாட்டனின் பயணம் அத்தகையதே. கசப்புக் கீரையும் புளியாத ரொட்டியும் மேசையில் மாறாமல் இருக்கின்றன. பிள்ளையும் தன் நான்கு வினாக்களைக் கேட்கின்றது. அதற்கு மெய்யென்று தாம் கருதுவதையே விடையாகக் கூறவேண்டும் என்பதுதான் இவர்கள் சேர்த்துக்கொண்ட புதிய விதி.

மடல் எழுதிய நண்பருடைய மகளுக்குப் பன்னிரண்டு வயது. யூத மரபில் பதின்மூன்றாம் வயது பெரிய வயது. அவ்வயதை எட்டிய பிள்ளை சபை நடுவே நின்று திருநூலின் ஒரு பகுதியை எபிரேயத்தில் ஓதிப் பெரியோர் வரிசையில் சேரும். பல பிள்ளைகள் பொருள் அறியாமலே மனனம் செய்து ஒப்புவித்துப் பரிசுகளை வாங்கிக்கொண்டு சென்றுவிடுவது அந்நாட்டில் பழகிப்போன வேடிக்கை. பர்மிங்காம் கோயிலார் இதனை மாற்றினர். பிள்ளை, தான் மதிக்கும் ஒருவரைத் தானே தெரிந்தெடுத்து, அவருடைய வாழ்வைப் பல திங்கள் ஆராய்ந்து, கட்டுரையாக எழுதிச் சபையின் முன் உரைக்கவேண்டும். அறிஞர், எழுத்தாளர், மருத்துவர், தொழிற்சங்கத் தலைவர், எவரும் ஆகலாம். இவரை ஏன் மதிக்கின்றாய், இவரிடம் குறை ஏதும் உண்டா என்னும் வினாக்களுக்கும் விடை வேண்டும். வேறு சில சபைகளில் குடும்ப வரலாற்றையும் சேர்த்துள்ளனர்; பிள்ளை தன் தாத்தா பாட்டியை உட்காரவைத்து, எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், ஏன் வந்தீர்கள், எதை விட்டு வந்தீர்கள் என்று கேட்டு எழுதவேண்டும். வந்த கதையைத் தம் பிள்ளைக்கு ஒருமுறையும் முழுதாகச் சொல்லாத பெரியோர் நம்மிடையே எத்தனை பேர்! கேட்பார் இல்லாமையால் சொல்லாதோரே அவருள் மிகுதி.

திருமணத்தில்தான் இச்சபையினர் மற்ற யூதரோடு நேருக்கு நேர் மோதினர். யூதரல்லாதவரை மணக்கும் இணைக்கு மரபுவழி ஆசான்கள் மணம் நடத்திவைப்பதில்லை. மனிதநேய ரபிகள் நடத்திவைக்கின்றனர். வேற்றுச் சமய குருவோடு ஒரே மேடையில் நின்று நடத்துவோரும் உளர். கதவை மூடினால் அவ்விணையர் யூத வாழ்வையே துறந்து போய்விடுவர், திறந்தால் பிள்ளைகளேனும் வருவர் என்பது ஒரு காரணம். காதலித்தாரைத் தண்டிக்க நமக்கு உரிமை இல்லை என்பது மற்றொன்று. வைன் இதனையே பெரிதாகக் கருதினார் என்று தோன்றுகின்றது. அங்ஙனமாயின் யூதர் யார்? 1986இல் உருவான இவர்களுடைய உலகக் கூட்டமைப்பு 1988இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் கூடி விடை ஒன்றை வகுத்தது. யூதக் குடியிற் பிறந்தவர் யூதர். அவ்வாறு பிறவாதவராயினும், தம்மை யூதர் என்று அறிவித்து அம்மக்களின் வரலாறு, அறம், பண்பாடு, சமூகம், ஊழ் ஆகியவற்றோடு தம்மை ஒன்றுபடுத்திக்கொண்டவரும் யூதரே. ஊழ் என்னும் சொல்லை அவர்கள் சேர்த்தது கவனிக்கத்தக்கது. இன்பத்தில் மட்டும் உறவு கொண்டாட வருவோரை அவ்விலக்கணம் ஏற்பதில்லை.

நிருவாகத்தைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. 1969இல் இத்தகைய சபைகள் மூன்று சேர்ந்து மனிதநேய யூதச் சங்கத்தைத் தோற்றுவித்தன. ரபி கிடைக்காத சிறு ஊர்களில், மத்ரிக் என்று எபிரேயத்தில் அழைக்கப்பெறும் வழிகாட்டிகள், பயிற்சி பெற்ற இல்லறத்தார், மணமும் இறுதிச் சடங்கும் நடத்திவைக்கின்றனர். ஆசான்களைப் பயிற்றுவிக்க 1985இல் ஒரு கல்வி நிலையமும் அமைந்தது. அமெரிக்காவில் அது முதன்முதலாக 1999இல் ரபியாக்கியது ஒரு பெண்மணியை.

எல்லாம் செவ்வனே நடைபெற்றன என்று எழுதினால் நாம் பொய்யுரைத்தவராவோம். சின்சினாட்டியில் 1980இல் தோன்றிய பெத் ஆதாம் என்னும் சபை, இறைவனை அழைக்காத தன் வழிபாட்டு நூலோடு, அமெரிக்கச் சீர்திருத்த யூதப் பேரவையில் உறுப்பாக விண்ணப்பித்தது. ஆண்டுக்கணக்காக விவாதம் நடந்தது. பேரவைக்கு உட்பட்ட ஆலயங்களிலேயே நம்பிக்கை இல்லாதோர் நிறைய உள்ளனர் என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆயினும் 1994இல் பெரும்பான்மை வாக்கால் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. தனி ஒருவன் ஐயுறலாம். ஆனால் ஒரு சபையே ஐயத்தைத் தன் நூலில் அச்சிட்டுக்கொண்டு வந்தால் ஏற்பதற்கில்லை என்பது பேரவையின் நிலை. இதில் நமக்குச் சற்று மனத்தாங்கல் உண்டு. வாய்மூடி இருந்தால் உள்ளே இடம், வாய்திறந்தால் வெளியே என்பது எந்தச் சபைக்கும் பெருமை தருவதன்று. ஆயினும், ஒரு சபை தன் எல்லை இதுவென்று கூறவும் உரிமை உடையதே என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லையே இல்லாதது சபை ஆகாது.

இவர்களிடம் குறையும் உண்டு. புதிதாக எழுதப்பெற்ற சொற்கள் பல இடங்களில் வெளிறி இருக்கின்றன. ஈராயிரம் ஆண்டு நாவில் தேய்ந்த சொல்லுக்கு உள்ள வழவழப்பும் எடையும் நேற்றுக் குழு அமைத்து எழுதிய சொல்லுக்கு எவ்வாறு வரும்? நம்பாதவனும் பழைய பாட்டைக் கேட்டுக் கண் கலங்குவதுண்டு. சரியான கருத்தைக் கேட்டு எவன் கலங்குகின்றான்? தொகையிலும் இவர்கள் சிறியவர். அறுபது ஆண்டுகள் கடந்தும் வட அமெரிக்காவில் சில பத்துச் சபைகளே உள்ளன. நம்பிக்கையற்ற யூதரோ அந்நாட்டில் மிகப் பலர். அவருள் பெரும்பாலோர் எந்தக் கூடத்திற்கும் செல்வதில்லை. நேர்மைக்காகத் தனிக்கோயில் கட்டும் அளவிற்கு உழைக்க மனிதர் பலர் விரும்புவதில்லை என்பதே இதன் பொருளாகலாம்.

வைன் 2007 சூலையில் மொராக்கோ நாட்டில் பயணம் செய்துகொண்டிருந்தபோது வண்டி விபத்தில் உயிர்நீத்தார். அவர் இருந்தவரையே இது நிலைக்கும் என்று கூறியோர் இருந்தனர். சபை நிலைத்தது. பிற்காலத்தில், பெருநகர் டெட்ராய்ட் மனிதநேய யூதச் சபை என்று பெயரையும் மாற்றிக்கொண்டது.

இனி, நண்பரின் மடலுக்கு வருவோம். மகிழ்ச்சி நாளில் சொற்களை மாற்றுவது எளிது. துக்க நாளில்தான் அது கடினம். யூதர் தம் இறந்தாருக்காகக் கூறும் கத்தீஷ் என்னும் பழைய வேண்டுதலில் இறப்பைப் பற்றிய ஒரு சொல்லும் இல்லை. முழுவதும் இறைவன் புகழே. தந்தையை இழந்த நம்பிக்கையற்ற மகன் அங்கே எதைச் சொல்வான்? சொல்லாமல் நின்றால் தந்தைக்குத் துரோகம் செய்தது போல் இருக்கும். சொன்னால் தனக்கே துரோகம் செய்தது போல் இருக்கும். நம் நண்பரின் கைகூப்பலும் இத்தகையதே என்று எண்ணுகின்றோம்.

யோம் கிப்பூர் என்னும் பெருநோன்பு நாளில், இறந்தாரை நினைக்கும் வழிபாடு நடைபெறும். அதற்கு யிஸ்கோர் என்று பெயர். எபிரேயத்தில் அச்சொல்லுக்கு ‘அவன் நினைவுகூர்வானாக’ என்பது பொருள். அவன் என்றது இறைவனை. மனிதநேய யூதர் அவ்வழிபாட்டை நீக்கவில்லை. அப்பெயரின் முதலெழுத்தை மட்டும் மாற்றினர். யிஸ்கோர் நிஸ்கோர் ஆயிற்று. ‘நாம் நினைவுகூர்வோம்’ என்பது இதன் பொருள். வினை அதே வினை. நினைக்கும் கடமை மட்டும் வானிலிருந்து இறங்கிக் கூடியிருப்போர் தோள்மேல் ஏறிற்று. அன்று இறந்தாரை நினைந்து படிக்கின்றனர், இசைக்கின்றனர், வாளா இருக்கின்றனர். அவர்கள் நினையாவிடின் வேறு எவரும் நினைக்கப்போவதில்லை என்பதை அறிந்தே அமர்ந்திருக்கின்றனர். அதனால்தானோ என்னவோ, வாரந்தோறும் வராதவரும் அன்று வந்துவிடுகின்றனர்.

நண்பர் தம் மகளோடு இதனைச் சேர்ந்து படிப்பாராக. அவர் தந்தையார் எந்த ஆண்டில், எந்த ஊரில் மறைந்தார், அன்று யார் யார் உடனிருந்தனர் என்று அவள் அடுத்துக் கேட்கக்கூடும். அதற்கு விடை அவரிடம் இருக்கும்.